தலை வெளியே வந்த பிறகு

நான் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் மாவட்டத்துக்கு என்ன பெயர் என்று கேட்டால் உடனே பதில் சொல்ல முடியாது. திருச்சியிலிருந்து பிரித்துப் பெரம்பலூர் என்றார்கள். பிறகு அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், மறுபடி சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். பலகைகளில் பெயிண்ட் காய்வதற்குள் பெயர் மாறியது. எங்களுக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. செட்டிகுளத்துப் பக்கம் கிணற்றில் மாடு விழுந்தாலும், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குழியில் ஆள் விழுந்தாலும் போன் வரும், மணி அடிக்கும், வண்டி கிளம்பும். வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் பாதிப் பேர் சட்டைப் பொத்தானைப் போடுவார்கள்.

தண்ணீரில் முங்கித் தேடுகிற வேலை எங்கள் நிலையத்தில் இரண்டு பேருக்கு. நான் ஒருவன், தனபால் ஒருவன். தீயணைப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் இப்போது முதுகில் மாட்டிக்கொள்ள சிலிண்டர் இருக்கிறது, முகத்துக்குக் கண்ணாடி இருக்கிறது. எங்களிடம் இருந்தது காற்றடித்த லாரி டியூப் ஒன்று, நீளமான கயிறு ஒன்று, நெஞ்சுக்குள் பிடித்த மூச்சு. அவ்வளவுதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனசு குளிர்கிறது. அதே சமயம், நாங்கள் எல்லோரும் உயிரோடு பென்ஷன் வாங்கியது எப்படி என்றும் தோன்றுகிறது.

தனபாலுக்கு வாலிகண்டபுரம். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். எப்போதும் சிரித்த முகம். மூச்சைப் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. நிலையத்துத் தண்ணீர்த் தொட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வெளியில் யாராவது ஒருவர் டீ குடித்து முடிக்கும்வரை இருப்பான். தலையை எடுத்ததும், "என்னண்ணே, எனக்கு டீ சொல்லலியா?" என்று கேட்பான். அப்படி ஒரு நெஞ்சு.

உங்களிடம் நான் பேச வந்தது நீருக்கு அடியில் நடப்பதைப் பற்றி அல்ல. அடியில் எப்படித் தேடுவது, எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தலை வெளியே வருகிற அந்த நேரத்தைப் பற்றிப் பேச வந்தேன். ஊரில் எல்லோரும் என்ன நினைக்கிறார்கள்? முங்கினவன் தலை தெரிந்துவிட்டால் தப்பித்தான் என்று. நாங்களும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

முதலில் எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சிரிக்கலாம், தப்பில்லை.

செட்டிகுளத்துக்கு அருகில் ஒரு சின்ன வெங்காயக் காட்டில் கறவை மாடு கிணற்றில் விழுந்துவிட்டது. பாறையை வெட்டி எடுத்த அகலமான கிணறு. மாடு தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தது, ஆனால் அதன் கழுத்துக் கயிறு அடியில் மோட்டார் குழாயில் போய்ச் சிக்கியிருந்தது. மாடு சோர்ந்துபோய் மூக்கு தண்ணீருக்குள் போகும் முன்னால் கயிற்றை அறுக்க வேண்டும். கத்தியை வாயில் கடித்துக்கொண்டு முங்கினேன். அறுத்துவிட்டேன். மூச்சு தீர்ந்த நேரம். காலை உதைத்து மேலே வந்தால், வானம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ இருட்டாக அடைத்துக்கொண்டிருக்கிறது. தலை மோதியது. கையால் தடவினால் கயிறு கயிறாக வருகிறது. ஒரு கணம், கிணற்றுக்கு யாரோ மூடி போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்து மூச்சு எடுத்தபோது பார்க்கிறேன், ஒரு கயிற்றுக் கட்டில். நாலு மூலையிலும் வடம் கட்டித் தண்ணீரில் மிதக்க விட்டிருக்கிறார்கள்.

மேலே அந்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இதை யாரு எறக்குனது?" என்று கத்தினேன்.

"நாங்கதாங்க சார். பாவம், தண்ணியிலயே கெடக்குறீங்களே, மேல வந்ததும் செத்த நேரம் ஒக்காந்துக்கட்டுமேன்னு எறக்குனோம்" என்றார்.

மாடு நல்லபடியாக மேலே வந்தது, எனக்கு ஒரு சொம்பு மோரும் கிடைத்தது. அன்றிலிருந்து ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டுதான் நான் மேலே வருவேன். தலைக்கு முன்னால் கை வரட்டும். நீங்கள் இறங்கும்போது வெறுமையாக இருந்த தண்ணீர், நீங்கள் திரும்பும்போது அப்படி இருக்காது. டியூப் நகர்ந்திருக்கும், யாராவது குதித்திருப்பார்கள், கல் உருண்டிருக்கும். மேலே இருக்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அவர்கள் நல்லவர்களாக இருந்தால் இன்னும் சும்மா இருக்க மாட்டார்கள்.

இனி சொல்லப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் திருவிழா உங்களுக்குத் தெரியும். விளைந்த தானியத்தைப் பெருமாளுக்குக் கொடுக்க மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வருகிற குடும்பங்கள் அப்போது நிறைய. அப்படி உடையார்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வந்தது. கணவன், மனைவி, பெண் குழந்தை ஒன்று, கணவனின் அப்பா. மனைவி பெயர் தமிழரசி. நல்ல வெயில். கோயிலுக்குப் போகும் முன்னால் மாடுகளைக் குளிப்பாட்டலாம் என்று, வழியில் இருந்த ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குழிக்கு அந்தக் கணவர் ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

வெட்டி எடுத்துக் கைவிட்ட குழி. மழைத்தண்ணீர் நிறைந்து பச்சைப் பசேலென்று கிடக்கும். பார்த்தால் குளம் மாதிரிதான் இருக்கும். முன்பு லாரி இறங்கிய பாதை ஒரு பக்கம் சரிவாகத் தண்ணீருக்குள் போகும். இடுப்பளவு வரை நடக்கலாம், அதற்கப்புறம் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கிவிடும். மாடு அந்த விளிம்பைத் தாண்டிக் காலை வைத்துவிட்டது. கயிற்றை விடாமல் பிடித்திருந்த அவரையும் இழுத்துக்கொண்டு போயிற்று. மாடு நீந்திக் கரையேறியது. அவருக்கு நீச்சல் தெரியாது. கரையில் நின்ற தமிழரசியின் கண் முன்னால் நடந்தது இது.

நாங்கள் போய்ச் சேரும்போதே உயிரோடு எடுக்கிற நேரம் கடந்துவிட்டது. அது எங்களுக்குத் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். திருவிழாவுக்கு வந்த சனம் பாதி அந்தக் குழியைச் சுற்றி நின்றது. அவருடைய அப்பா எங்கள் நிலைய அதிகாரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள எடுத்துக் குடுத்துடுங்க சாமி. எம்புள்ளைய ராத்திரி தண்ணியில போட்டுட்டு நான் எப்படி வூட்டுக்குப் போவேன்?"

யாராவது திட்டினால் வேலை செய்வது சுலபம், காதில் வாங்காமல் இருந்துவிடலாம். இப்படிக் கேட்டால்தான் கஷ்டம். தனபால் அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்தான். சட்டையைக் கழற்றினான்.

நான் டியூபைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதந்தேன். தனபால் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முங்கினான். கயிற்றின் மறுமுனை கரையில், அதிகாரி கையில். மாற்றி மாற்றி இருவரும் முங்கினோம். அடியில் சேறும் உடைகல்லும். ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குக் காதுவலி வந்ததும் அதிகாரி என்னை முங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு தனபால் மட்டும் போனான். ஒவ்வொரு தடவையும் அவன் தலை தெரியும்போது கூட்டம் 'ஹா' என்று எழும், வெறும் கையைப் பார்த்து அடங்கும். அந்தச் சத்தம் ஒரு ஆளை என்ன செய்யும் தெரியுமா? அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கச் சொல்லும்.

அதிகாரி குரல் கொடுத்தார். "தனபாலு, மேல வா. போதும்."

"சார், அடியில ஒரு கல்லு மேடு தட்டுப்படுது. அதுக்கு அந்தாண்ட மட்டும் பாத்துட்டு வந்துடறேன் சார்."

"அதெல்லாம் அப்பறம். மொதல்ல கரைக்கு வந்து குந்து."

தனபால் வந்து உட்கார்ந்தான். கூட்டத்தில் முணுமுணுப்பு. என்ன இது, வேலை நடக்கும்போது உட்கார வைக்கிறார் என்று. யாரோ ஒருவர் சத்தமாகவே கேட்டுவிட்டார். எங்கள் அதிகாரி அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. தொப்பியைச் சரி செய்துகொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"ஐயா, தண்ணிக்குள்ள இருக்கற அவர நாங்க விட்டுட்டுப் போவ மாட்டோம். ஆனா இவன் மூச்சு திரும்பற வரைக்கும் எல்லாரும் காத்திருக்கத்தான் வேணும். நானும் காத்திருக்கேன் பாருங்க."

அந்த ஒரு காரியத்தை நான் பல வருஷம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அத்தனை பேர் முறைத்துக்கொண்டு நிற்க, அழுகிற ஒரு தகப்பன் பக்கத்தில் நிற்க, தன் ஆள் ஓய்வு எடுக்கட்டும் என்று நிற்பது லேசு இல்லை. அன்று அவர் உட்கார வைத்திருக்காவிட்டால் நான் இந்தக் கதையை வேறு மாதிரி முடிக்க வேண்டியிருந்திருக்கும்.

தனபாலின் மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகுதான் அதிகாரி தலையசைத்தார். அவன் தண்ணீருக்குள் வந்து, என் டியூபைப் பிடித்தபடி வேக வேகமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டான். அப்படிச் செய்தால் நெஞ்சில் கூடுதலாகக் காற்று சேரும் என்று அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் நம்பினோம். காற்று சேராது, 'போதும், மேலே போ' என்று உடம்பு கொடுக்கிற எச்சரிக்கைதான் தாமதமாகும் என்று பிறகு ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டோம். நீங்கள் அப்படி ஒருபோதும் செய்யாதீர்கள்.

முங்கினான். ரொம்ப நேரம். கயிறு அசைந்தது, நின்றது. அப்புறம் கயிற்றில் அழுத்தமாக இழுப்பு வந்தது. கிடைத்துவிட்டது என்பதற்கான சைகை. கரையில் இருந்தவர்கள் கயிற்றை இழுக்கத் தொடங்கினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இறந்தவரைக் கட்டுவதற்குத் தனபாலிடம் வேறு கயிறு இல்லை. தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துத்தான் அவருக்குக் கட்டியிருந்தான். ஆக, கரை இழுத்தது அவரை. தனபால் கயிறு இல்லாமல் தனியாக மேலே வந்தான், என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி, கரைக்கு எதிர்ப்பக்கமாக. கை முதலில் வந்தது, பிறகு தலை. வாயைத் திறந்து மூச்சு எடுத்தான். "கெடச்சிட்டாருண்ணே" என்றான். சிரித்த மாதிரிகூட இருந்தது. கையை ஆட்டினான்.

நான் சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். கயிற்றில் வருகிற உடல் பாறையில் மோதிவிடக் கூடாது, அதைத் தாங்கிப் பிடிப்பது என் வேலை. உடல் மேலே வந்தது. கூட்டம் முழுதும் ஓ என்று அலறியது. எல்லார் கண்ணும் அந்த ஒரு இடத்தில். அதிகாரி, கயிறு இழுத்தவர்கள், அந்தப் பெரியவர், நான், எல்லோரும்.

தமிழரசி மட்டும் பார்க்கவில்லை. தன் புருஷனை அந்தக் கோலத்தில் பார்க்க அவளால் முடியவில்லை. முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள். திருப்பிய பக்கம் வெறும் தண்ணீர், அதில் தனபால் தலை.

அவள் குரல்தான் கேட்டது. "ஐயோ, போறாரு! உள்ள போறாரு!"

பக்கத்தில் நின்ற பெண்கள் அவளைக் கட்டிப் பிடித்தார்கள். புருஷனைச் சொல்லி அழுகிறாள் என்று நினைத்தார்கள். "அழுவாத தாயி, அழுவாத" என்று தலையைத் தங்கள் தோளில் அழுத்தினார்கள். அவள் அவர்களை உதறித் தள்ளினாள்.

"அவரு இல்லக்கா! அந்த அண்ணன்! முங்குன அண்ணன்!"

சத்தத்தில் அது யாருக்கும் விளங்கவில்லை. அவள் குனிந்து கைக்கு வந்த ஒரு சுண்ணாம்புக்கல்லை எடுத்துத் தண்ணீரில் வீசினாள். எனக்குப் பின்னால் தொப்பென்று விழுந்தது. யார் கல்லெறிகிறார்கள் என்று கோபமாகத்தான் திரும்பினேன். கல் விழுந்த இடத்தில் வட்டம் வட்டமாக அலை. தனபாலைக் காணோம்.

கைகால் அடித்துத் தவிப்பது, கத்துவது, எதுவும் இல்லை. இதை நன்றாக மனசில் வையுங்கள். அவன் மூச்சு எடுத்தான், பேசினான், கை ஆட்டினான். அதற்குப் பிறகுதான் நினைவு தப்பியது. நெஞ்சுக்குள் போன காற்று மூளைக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். அதற்குள் கண் இருட்டினால் ஆள் சத்தமில்லாமல் இறங்கிவிடுவான்.

உடலைக் கரைக்காரர்களிடம் தள்ளிவிட்டு அந்த வட்டத்துக்குப் போய் முங்கினேன். தண்ணீர் மேலாகத் தெளிவாக இருந்ததால் அவனைப் பார்க்க முடிந்தது. கையை விரித்துக்கொண்டு, தூங்குகிற குழந்தை மாதிரி மெதுவாகக் கீழே போய்க்கொண்டிருந்தான். தலைமுடி கைக்குக் கிடைத்தது. மேலே கொண்டுவந்து, முகத்தை வானத்தைப் பார்க்க வைத்து, டியூபில் அவன் தோளைச் சாய்த்தேன். உதடு நீலமாக இருந்தது. கன்னத்தில் தட்டினேன்.

"தனபாலு! மூச்ச விடு! டேய், மூச்ச விடுடா!"

வாயில் வாய் வைத்து ஊதினேன். மறுபடி ஊதினேன். பிறகு அவன் நெஞ்சு ஒரு குலுக்கு குலுங்கியது. இருமினான். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "என்னண்ணே, எதுக்கு அடிக்கிற?" என்றான்.

நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அத்தனை பேர் முன்னால் அழுதேன்.

கரைக்கு வந்ததும் அவனைக் கிடத்தினோம். அவனுக்கு அந்தப் பக்கம் துணி போர்த்திய உடல், அதைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். தமிழரசி உடலுக்கு முதுகு காட்டி எங்கள் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார். அவள்தான் முதலில் கேட்டாள்.

"அந்த அண்ணனுக்கு மூச்சு வருதுங்களா?"

"வருதும்மா" என்றார்.

மறுநாள் காலை எங்களை மைதானத்தில் நிற்க வைத்தார் அதிகாரி. யாரையும் குறை சொல்லவில்லை. "மேல வர்ற பொணத்தப் பாக்க ஊரே இருக்கு. உசுரோட வர்றவனப் பாக்க ஒருத்தன் வேணும். இனிமே யாரு முங்குனாலும், கரையில ஒருத்தனுக்கு அந்த ஒரு வேலைதான். கயிறு இழுக்கக் கூடாது, கூட்டத்தத் தள்ளக் கூடாது, யாரு கூப்டாலும் திரும்பக் கூடாது. முங்குனவன் தலை தெரிஞ்ச பொறவுதான் அவனுக்கு வேலையே ஆரம்பம்" என்றார். அடுத்த அழைப்பு வந்தபோது அந்த இடத்தில் அவரே நின்றார்.

அதோடு சில பழக்கங்களையும் நாங்களாகவே ஏற்படுத்திக்கொண்டோம். மேலே வந்ததும் முதலில் டியூபைப் பிடி. பிடித்த பிறகு மூச்சு. நாலைந்து மூச்சு நன்றாக எடுத்த பிறகுதான் பேச்சு. கிடைத்ததா இல்லையா என்று கரையிலிருந்து யாரும் கேட்கக் கூடாது. இடுப்புக் கயிறு இடுப்பிலேயே இருக்க வேண்டும், கட்டுவதற்கு வேறு கயிறு. எழுதி வைத்தால் இரண்டு வரிதான் வரும். அதற்கு எங்களுக்கு ஒரு தனபால் தேவைப்பட்டான்.

அடுத்த வருஷம் அதே திருவிழாவுக்குக் கல்லங்குறிச்சியில் எங்கள் வண்டிக்குக் காவல் பணி. கூட்டத்தில் தமிழரசி பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தேடி வந்தாள். தூரத்தில் அவளைப் பார்த்ததும் தனபால் வண்டிக்குப் பின்னால் போய்விட்டான். அவள் புருஷனை உயிரில்லாமல் தூக்கிக் கொடுத்த ஆள், அவள் முன்னால் எப்படி நிற்பது என்று அவனுக்கு. அவள் விடவில்லை, சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அண்ணே, என்னைத் தெரியுதுங்களா?"

"தெரியுதும்மா."

"ஒண்ணு கேக்கணும், தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு நான் அவரு மூஞ்சியப் பாக்கல. ஆஸ்பத்திரியிலேருந்து சுத்திக் கட்டித்தான் வூட்டுக்குக் கொண்டாந்தாங்க. நீங்கதான் அவர அடியில பாத்திருக்கீங்க. எப்படிண்ணே இருந்தாரு?"

தனபால் எங்களிடம்கூட அடியில் பார்த்ததைப் பற்றிச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அவளிடம் சொன்னான்.

"கல்லு மேட்டுல சாஞ்சிருந்தாரும்மா. கண்ணு மூடிதான் இருந்துச்சு. மொகத்துல ஒரு காயம் கெடையாது. உள்ளங்கையில மட்டும் கயித்துத் தடம். மாட்ட விடாமப் புடிச்சிருக்காரு."

அவள் கண் நிறைந்தது, ஆனால் வாய் சிரித்தது. "விட மாட்டாருண்ணே. எங்களத் திட்டுவாரு, மாட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு" என்றாள். பிறகு, "அந்த மாடு பூட்டித்தான் இந்த வருசமும் வந்திருக்கோம். பாக்குறீங்களா?" என்றாள்.

தனபால் அதிகாரியைப் பார்த்தான். பணி நேரத்தில் வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது விதி. அவர் எழுந்து வந்து தனபால் நிற்க வேண்டிய இடத்தில், வண்டியின் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, போ என்று கையைக் காட்டினார்.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தான். கண் சிவந்திருந்தது. துண்டில் வறுத்த கடலையை முடிந்து கொண்டுவந்திருந்தான், அவர்கள் நிலத்துக் கடலை. "சாப்பிடுங்க சார், நீயும் சாப்புடுண்ணே" என்று அவிழ்த்து வைத்தான். மூவரும் வண்டியில் சாய்ந்து நின்று, தோலை ஊதி ஊதித் தின்றோம்.